ஏழாம் தலைமுறை மெஷினில் விண்டோஸ் 11: அப்டேட் வருமா, வராதா?

அச்சுமை:
பழைய கணினிகள் பற்றிய பேச்சில் நேற்று டெல்டாக்காரன் ஒரு போடு போட்டார். "இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறவர்" என்று. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் டிடிபி கடையில் இருப்பது ஐ5-7400 (இன்டெலின் ஏழாம் தலைமுறை சிப்), 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் நாள் முழுக்க ஓடுகின்றன. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது எனக்கும் தெரியும். அதற்குத்தான் இஎஸ்யூவில், அதாவது ஆதரவு முடிந்த பிறகும் பாதுகாப்பு அப்டேட் தரும் மைக்ரோசாஃப்ட் திட்டத்தில், சேர்ந்திருக்கிறேன். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மாதாமாதம் இறங்கும். எந்தக் கதவு திறந்திருக்கிறது, காட்டுங்கள். 11 கேட்கிற பாதுகாப்பு வசதிகளான டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் என் மெஷினில் இருக்கின்றன; டிபிஎம்முக்கு பயாஸில் பிடிடி என்ற அமைப்பை ஆன் செய்தால் போதும். ஆனாலும் 8-ஆம் தலைமுறை சிப்புக்குக் கீழே விண்டோஸ் 11 ஆகாது என்கிறான் மைக்ரோசாஃப்ட்காரன். ஓடுகிற பெட்டியைத் தூக்கிப்போட நான் தயாரில்லை.

கொடைமலை:
அண்ணா, எதற்குத் தூக்கிப்போட வேண்டும்? ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் விண்டோஸ் ஏற்றும் பென்டிரைவ் தயார் செய்யுங்கள், டிபிஎம் சோதனையை நீக்கும் பெட்டியில் டிக் போடுங்கள், ஏற்றுங்கள். நான் 6-ஆம் தலைமுறை லேப்டாப்பில் 11 வைத்திருக்கிறேன். மாதத்தின் இரண்டாம் செவ்வாய் இரவு வந்தால் அப்டேட் தானாக இறங்குகிறது.

டெல்டாக்காரன்:
வராது. இப்படி அரைகுறையாகச் சொல்லித்தான் ஊரில் பாதிப் பேரின் மெஷினைக் கெடுக்கிறீர்கள். குறுக்குவழியில் ஏற்றின 11-க்கு அப்டேட் வராது. சர்வீஸ் கடையில் தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன். போன மாதம் ஒரு லேப்டாப் வந்தது. 22எச்2 என்ற பழைய 11 பதிப்பிலேயே நின்றுவிட்டிருந்தது. அந்தப் பதிப்பின் ஹோம் வகைக்கு 2024 அக்டோபரிலேயே ஆதரவு முடிந்தாயிற்று. வைத்திருந்தவரோ 11 ஏற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தார்.

கொடைமலை:
வருகிறது. அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்தால் மாத வாரியாக வரிசையாக நிற்கிறது. கண்ணால் பார்ப்பதை இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

டெல்டாக்காரன்:
தம்பி, மைக்ரோசாஃப்ட் தன் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. தகுதி இல்லாத கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் உட்பட எதற்கும் உத்தரவாதம் கிடையாது என்று. இதற்கு மேல் என்ன வேண்டும்? வராது.

வெள்ளாறு:
உத்தரவாதம் இல்லை என்பதும் வராது என்பதும் ஒன்றா? இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் இப்போதைக்கு வருகிறது. ஆண்டுக்கொரு முறை வரும் புதுப் பதிப்புதான் இந்த மெஷின்களுக்குத் தானாக வராது. ஐஎஸ்ஓ என்ற முழு நிறுவல் கோப்பை இறக்கி நாமே மேலே ஏற்ற வேண்டும். 11-ன் 24எச்2 பதிப்பின் ஹோமுக்கு ஆதரவு முடிவதும் 2026 அக்டோபர் 13, அச்சுமையின் இஎஸ்யூ முடிவதும் அதே நாள். 24எச்2-வோடு நின்றுவிடுகிறவருக்கு 10-லிருந்து 11-க்குப் போனதால் ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. முடிவெடுக்க இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டெல்டாக்காரன்:
இலக்கண வகுப்பு வேண்டாம். அப்டேட் என்றால் அப்டேட். எல்லாம் வந்தால்தான் வந்ததாக அர்த்தம். பாதி வந்தால் வராது என்றுதான் சொல்வேன்.

கொடைமலை:
பாதி வருகிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிட்டீர்கள்!

டெல்டாக்காரன்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. வராது என்றேன்.

திறமூலம்:
இத்தனை சண்டைக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டுப் போகலாம். சிப்பின் தலைமுறையும் கேட்காது, மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்காது. அரசு கொடுத்த மாணவர் லேப்டாப்பில் அன்றைக்கே பாஸ் என்ற இந்திய லினக்ஸ் கூடவே வந்தது. நம் ஆட்கள்தான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அச்சுமை:
அம்மா, பேஜ்மேக்கர் அதில் நேராக ஓடாது. என் கோப்புகள் எல்லாம் யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கின்றன. வாடிக்கையாளர் வந்து "போன தடவை அடித்த அதே பத்திரிகை, பெயரை மட்டும் மாற்றுங்கள்" என்பார். அப்போது லினக்ஸின் பெருமையைச் சொல்லி அவரை உட்காரவைக்க முடியுமா?

திறமூலம்:
பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ் இருக்கிறது, தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுவது உங்கள் தேர்வு. அதற்கு லினக்ஸைக் குறை சொல்லாதீர்கள். யூனிகோடுக்கு மாறுங்கள் என்று இங்கே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்!

அச்சுமை:
கட்டிக்கொண்டு அழவில்லை, அதில்தான் சோறு சாப்பிடுகிறோம். டிடிபி கடை நடத்திப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டெல்டாக்காரன்:
லினக்ஸ் பேச்சை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுமை ஐயா, இஎஸ்யூ ஒரு வருஷம்தான். அப்புறம்? 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தபோது என்ன ஆனது? இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே முடங்கின. பழசைப் பிடித்துக்கொண்டு இருந்தால் அதுதான் நடக்கும்.

வெள்ளாறு:
வானாக்ரையில் அதிகம் மாட்டியது விண்டோஸ் 7. அப்போது அதற்கு ஆதரவு இருந்தது, 2020 ஜனவரி வரை இருந்தது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டும் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது. வந்ததைப் போடாமல் விட்டதுதான் அங்கே பிரச்சினை.

டெல்டாக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அப்டேட் இல்லாவிட்டால் ஆபத்து. குறுக்குவழியில் போனால் அப்டேட் வராது. எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

கொடைமலை:
குறுக்குவழி, குறுக்குவழி என்று திருட்டு வேலை மாதிரி பேசாதீர்கள். தகுதியில்லாத கணினியில் 11 ஏற்ற, ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் அமைப்புப் பதிவை மாற்றும் ஒரு வழியை மைக்ரோசாஃப்டே தன் பக்கத்தில் சொல்லிக்கொடுத்தது. பிறகுதான் எடுத்துவிட்டது. இன்னொன்று, உங்கள் யோசனையைக் கேட்டு நான் பட்டது போதும். எஸ்எஸ்டி போட வேண்டும் என்று கேட்டபோது வேகமான என்விஎம்இ வகை வாங்கு என்று அடித்துச் சொன்னீர்கள். வாங்கி வந்து சொருகினால் காட்டவே இல்லை. என் போர்டில் எஸ்எஸ்டி சொருகும் எம்.2 ஸ்லாட்டில் பழைய சாட்டா வகை மட்டும்தான் வேலை செய்யும். பணம் என்னுடையது.

டெல்டாக்காரன்:
போர்டு மாடல் நம்பர் கேட்டேன், நீங்கள் சொல்லவில்லை. மாடல் தெரியாமல் வாங்கியது உங்கள் தப்பு.

கொடைமலை:
கேட்கவே இல்லை! அந்தப் பழைய பேச்சு இழை இன்னும் அப்படியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

அச்சுமை:
எனக்கு ஒரு சந்தேகம். டெல்டாக்காரன் கடைக்கு யார் 10-ஓடு போனாலும் 8-ஆம் தலைமுறை ரீஃபர்பிஷ்ட் (பழுது பார்த்த பழைய) பெட்டி ஒன்றோடுதான் திரும்புகிறார்களாமே. அப்டேட் வராது என்று இத்தனை தடவை சொல்வதற்குக் காரணம் அதுவோ?

டெல்டாக்காரன்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். நான் விற்பது நேர்மையான சரக்கு, பில்லோடு. என் தொழிலை இழுக்கும் அளவுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் வாதம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடியும் சொல்கிறேன், ஆதரவு இல்லாத மெஷினில் 11 ஏற்றினால் அப்டேட் வராது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளாறு:
எதை ஏற்றினாலும் சரி, அதற்கு முன் கோப்புகளைத் தனி டிரைவில் எடுத்து வையுங்கள். 24எச்2-வை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக ஏற்றினால் பல மெஷின்களில் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் ஆகி, அதாவது பூட்டப்பட்டு, விடும். அதைத் திறக்கும் ரெகவரி கீ அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டு டேட்டாவை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

திறமூலம்:
மின்ட்டில் இந்தத் தொல்லை கிடையாது. கேட்டுத்தான் செய்யும்.

அச்சுமை:
பில்லோடு விற்கிறீர்களா? சரி, அதே கடையில் போன தீபாவளிக்கு என் மைத்துனர் வாங்கிய பெட்டிக்கு வாரண்டி கார்டு எங்கே?

டெல்டாக்காரன்:
உங்கள் மைத்துனர் யாரென்றே எனக்குத் தெரியாது. சீரியல் நம்பரோடு கடைக்கு வரச் சொல்லுங்கள். இங்கே பேச்சு 11 பற்றி. வராது.

கொடைமலை:
வருகிறது. இந்த மாதம் வந்ததைப் படம் பிடித்து இன்று இரவு போடுகிறேன். நீங்கள் அந்த என்விஎம்இ விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.