மறுமொழி: பெர்ஃபார்மன்ஸ் கல்ச்சர் – செயல்திறனா, செயலாற்றுகையா?

> செயல்திறன் என்று எல்லாரும் எழுதிப் பழகிவிட்டோம். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்கு 'பெர்ஃபார்மன்ஸ் ட்ரிவன் கல்ச்சர்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்; அதில் பெர்ஃபார்மன்ஸுக்குச் 'செயல்திறன்' வேண்டாம் என்பது என் கருத்து.

ஐயா கேட்பது நியாயம்தான். பழகிய சொல்லைக் காரணமில்லாமல் மாற்றக் கூடாது. ஆனால் மாநகராட்சி, ஊராட்சி பற்றி எழுதும்போது இந்தச் சொல் பழியைத் தவறான ஆள்மேல் போடுகிறது. அதனால்தான் மாற்றக் கேட்கிறேன்.

திறன் என்பது ஆளிடம் இருப்பது. பெர்ஃபார்மன்ஸ் என்பது நடந்த வேலை. இங்கே பெங்களூரில் தெருக் கூட்டும் பவுரகார்மிகர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கும் தமிழும் பேசுகிறவர்கள் அவர்களில் நிறைய. கையுறை கிடையாது, தள்ளுவண்டிக்குச் சக்கரம் இல்லை, குப்பை லாரி நேரத்துக்கு வருவதில்லை என்றால் தெரு நாறத்தான் செய்யும். அது கூட்டுகிறவரின் திறன் குறைவா? 'செயல்திறன் மதிப்பீடு' என்று தலைப்புப் போட்டதுமே கேள்வி அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. லாரி அனுப்பாத ஒப்பந்ததாரரும், அதைக் கேட்காத அதிகாரியும் அந்தத் தாளில் வருவதே இல்லை. கன்னடத்தில் புழங்கும் 'காரியக்ஷமதெ'யிலும் இதே சிக்கல். க்ஷமதெ என்றாலும் திறன்தான்.

கொழும்பு நண்பர் சொன்ன 'செயலாற்றுகை' எனக்குச் சரியாகப் படுகிறது. இலங்கை அரசுத் துறைகள் 'செயலாற்றுகை அறிக்கை' என்ற பெயரிலேயே ஆண்டறிக்கை வெளியிடுகின்றன. எஃபிஷியன்சிக்கு அங்கே வினைத்திறன். நாமும் செயல்திறனை எஃபிஷியன்சிக்கு விட்டுவிடலாம். ஆற்றுகை நாடகத்துக்கும் புழங்குகிறதே என்றால், முன்னால் 'செயல்' நிற்பதால் குழப்பம் வராது.

நடுவில் வரும் 'ட்ரிவன்' என்பதற்கு உந்து, இயக்கு என்று எதுவும் தேவையில்லை. 'செயலாற்றுகைப் பண்பாடு' போதும், இரண்டு சொல்லும் சேரும்போதே அந்தப் பொருள் வந்துவிடுகிறது.

அப்புறம், பண்பாடு பெரிய சொல், 'முறை' போதும் என்று குழுமத்தில் ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். இதில் நான் உடன்படவில்லை. அரசுச் சேவைகளைக் கெடுவுக்குள் தர வேண்டும் என்னும் கர்நாடகத்தின் சகாலா திட்டம் ஒரு முறை. 2011ஆம் ஆண்டுச் சட்டம், 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழ் கெடு தாண்டினால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் விண்ணப்பித்தவருக்கு ஈட்டுத்தொகை. அதைப் பொறுப்பான அலுவலரிடமிருந்து பிடிப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் தேதிக்குத்தான் கணக்கு உண்டு. மழைநீர்க் கால்வாயைத் தூர்வாரிய பொறியாளர், பில் போட்டதோடு நிற்காமல் அடுத்த மழையில் போய்த் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் எந்தக் கெடுவும் அபராதமும் உதவாது. அலுவலகமே அப்படி நடக்கிற இடமாக இருக்க வேண்டும். அதைப் பண்பாடு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இதே ஊரில்தான் 1994இல் பொருளியல் அறிஞர் சாமுவேல் பால் முன்னெடுத்த குடிமக்கள் மதிப்பீட்டு அட்டை வந்தது. குடிநீர், மின்சாரம், மாநகராட்சிச் சேவைகள் எப்படி என்று பயன்படுத்துகிற மக்களிடமே கேட்டார்கள். 1999இலும் 2003இலும் மறுபடி கேட்டார்கள். செயலாற்றுகையை அளக்கும் உரிமை குடியிருப்பவருக்கும் உண்டு என்பதைச் சொல்விளக்கத்திலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் முன்மொழிவு:

செயலாற்றுகைப் பண்பாடு: செய்த வேலையின் பயன் மக்களுக்குக் கிடைத்ததா என்று அலுவலகமும் மக்களும் சேர்ந்து பார்த்து, அதன்படி அடுத்த வேலையைத் திருத்திக்கொள்ளும் வழக்கம்.

'வழக்கம்' என்ற இடத்தில் இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். மறுப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.