தளத்தைப் பார்த்த பிறகும் விலையையும் நேரத்தையும் கேட்டு அழைக்கிறார்கள்: எங்கள் உணவகத் தளத்தில் என்ன பிழை?

கேள்வி:
கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு அருகில் என் தந்தை சிற்றுண்டி உணவகம் நடத்துகிறார். சென்ற ஆண்டு அதற்கு ஓர் இணையதளம் அமைத்தோம். முகப்பில் டபராவில் காப்பி ஆற்றும் காணொளி ஓடும். விலைப்பட்டியல், அச்சிட்ட அட்டையை ஸ்கேன் செய்த 14 எம்பி பிடிஎஃப். ஆயினும் தளத்தைப் பார்த்தவர்களே அழைத்து, ரவா தோசை என்ன விலை, எத்தனை மணி வரை கிடைக்கும் என்று கேட்கிறார்கள். கூட்ட நேரத்தில் கல்லாவில் இருக்கும் அப்பா பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறார். தமிழில் தேடினால் கூகுளிலும் நாங்கள் வருவதில்லை.

பதில் 1:
முதன்மையான பிழை அந்தப் பிடிஎஃப்தான், சகோதரி. ஸ்கேன் செய்த அட்டை வெறும் படம் என்பதால், அதிலுள்ள 'ரவா தோசை' தேடுபொறிக்குச் சொல்லாகத் தெரியும் என்று நம்பியிருக்க முடியாது. கைப்பேசியில் பார்ப்பவரோ அது இறங்கும்வரை காத்திருந்து, பிறகு விரலால் பெரிதாக்கி வரிவரியாக நகர்த்த வேண்டும். அதைவிட அழைத்துக் கேட்பது அவருக்கு எளிது. ஒவ்வொரு பண்டத்தின் பெயர், விலை, கிடைக்கும் நேரம் ஆகியவற்றைப் பக்கத்திலேயே எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். ஆங்கில எழுத்தில் தேடுவோரும் உண்டு என்பதால், பெயரை அவ்வாறும் அருகில் கொடுங்கள். அச்சகத்திலிருந்து கோப்பு வாங்கினால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கிறதா என்று பார்த்து, எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள். இல்லையேல் படிப்பவருக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும்.

கேட்டவர்:
கோப்பு பாமினியில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். விலை ஏறும்போது இனி நாங்களே திருத்திக்கொள்ளலாம் என்பதில் அப்பாவுக்கு மகிழ்ச்சி. காணொளியை எடுக்கத்தான் அவருக்கு மனமில்லை.

பதில் 2:
ஐயாவின் ஆசை புரிகிறது. காணொளியைத் தளத்தின் கீழ்ப்பகுதிக்கு நகர்த்தி, தொட்டால் மட்டும் ஓடும்படி வையுங்கள். முகப்பில் அதே காட்சியின் ஒரு நிழற்படம், வெப்பி (WebP) என்னும் படக்கோப்பு வடிவில் சுருக்கியது, போதும். பக்கத்தின் முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிவதையே கூகுள் நல்ல வேகமாகக் கொள்கிறது. காணொளி இருந்த இடத்தில் திறந்திருக்கும் நேரம், வார விடுமுறை, முகவரி, தொட்டவுடன் அழைப்புச் செல்லும் தொலைபேசி எண் ஆகியவை வரட்டும். தளத்தில் கொடுத்த அதே திறப்பு நேரமே கூகுள் வரைபடத்தில் உங்கள் உணவகத்துக்கான வணிகப் பக்கத்திலும் இருக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் மக்கள் மறுபடியும் அழைப்பார்கள். மாசி மகத்தன்று கூடுதல் நேரம் திறந்திருந்தால், அங்கே அந்த நாளுக்கு மட்டும் சிறப்பு நேரம் குறிக்கலாம்.

மாற்றிய பிறகு, தளத்தை இதுவரை பார்த்திராத ஒருவரைப் பேருந்து நிலையத்தில் நின்று, தம் கைப்பேசியில் ரவா தோசையின் விலையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்கினார் என்பதை இங்கே எழுதுங்கள். அடுத்து அதைச் சரிசெய்வோம்.