'வெயின்': நாளமா, பிளவடையா?

வணக்கம்.

நிலவியலில், பாறைப் பிளவுக்குள் தாது படிந்திருப்பதைக் குறிக்கும் 'வெயின்' (vein) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'நாளம்', 'நரம்பு', 'கொடி' என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. கேட்க மூன்றும் இனிமைதான். ஆனால் மூன்றுமே உருண்டு நீண்ட ஒன்றை நினைக்க வைக்கின்றன. பாறையில் இருப்பதோ தகடு. குழாயை விட்டத்தால் அளக்கலாம். தகட்டுக்கு நீள்திசை, சாய்வு, தடிப்பு மூன்றும் வேண்டும். "நாளத்தின் சாய்வு 70 பாகை" என்று எழுதிப் பாருங்கள், சிக்கல் புரியும். போதாததற்கு நாளமில்லாச் சுரப்பி வேறு நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

கிழக்குக் கிரீன்லாந்தில், வடக்கு 72 பாகையை ஒட்டியுள்ள மேஸ்டர்ஸ்விக்கை எடுத்துக்கொள்வோம். நிலவியலாளர் லவுகே கோக் தலைமையிலான டேனிய ஆய்வுப் பயணங்களின்போது, 1948 இல் அங்கே காரீயமும் துத்தநாகமும் கண்டறியப்பட்டன. (வெறுமனே 'ஈயம்' என்று எழுதாதீர்கள், பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயத்தோடு குழம்பும்.) அங்கே அமைந்த சுரங்கத்தின் டேனியப் பெயரான 'பிளைக்கிலிப்பென்' என்பதற்கே காரீயப் பாறை என்றுதான் பொருள். 1956 இல் தொடங்கிய சுரங்கம், ஏறத்தாழ 5 லட்சத்து 45 ஆயிரம் டன் தாதுவோடு சில ஆண்டுகளில் தீர்ந்துவிட்டது. உலோகம் இரண்டும் தலைக்கு 9 விழுக்காட்டுக்கு மேல் இருந்தன, வளமான தாதுதான். ஆனால் கோடையில் கடல் பனி விலகும் சில வாரங்களில்தான் கப்பல் வர முடியும்.

அங்கே நடந்தது என்ன? பழைய மணற்பாறை உடைந்து பிளந்தது. சூடான உப்புநீர் கரைந்த உலோகத்தோடு அந்தப் பிளவின் வழியே ஏறிக் குளிர்ந்து, குவார்ட்சையும் சல்பைடுகளையும் (உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள்) இறக்கியது. இத்தகைய பிளவுகள் பலவற்றில், இரு சுவர்களிலிருந்தும் குவார்ட்சுப் படிகங்கள் பல்வரிசையாக உள்நோக்கி வளர்ந்திருக்கும். அவற்றின்மேல் துத்தநாகத் தாதுவான பழுப்பு ஸ்பாலரைட்டும், சாம்பல் நிறப் பளபளப்போடு காரீயத் தாதுவான கலீனாவும் படியும். நடுவில் சிலவேளை வெற்றிடம் மிஞ்சும். கலீனாவைச் சுத்தியலால் தட்டினால் சின்னச் சின்னக் கனசதுரங்களாக உடையும். அதன் அடர்த்தி 7.5, குவார்ட்சுக்கோ 2.65, கையில் தூக்கியதுமே வேறுபாடு தெரிந்துவிடும்.

ஆக, சொல்லில் இரண்டு செய்தி இருக்க வேண்டும்: பிளவு, அதை அடைத்தது. முதலில் எனக்குத் தோன்றியது 'பாளம்'. நிலம் பாளம் பாளமாக வெடித்தது என்கிறோம், தகட்டுக் கட்டிக்கும் அதே சொல்தான். ஆனால் 'காரீயப் பாளம்' என்றால் உருக்கி வார்த்த கட்டியாகிவிடும். சுரங்கத்தைப் பற்றி எழுதும்போது இதைவிடப் பெரிய குழப்பம் வேண்டாம்.

எனவே என் முன்மொழிவு 'பிளவடை'. தேனடை என்பதைப் போல நாவுக்கு எளிது. 'குவார்ட்சுப் பிளவடை', 'பிளவடையின் மேற்சுவர், கீழ்ச்சுவர்' என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. பாடநூல்களில் 'பிளவு' என்பது பாறைகள் நகர்ந்த இடத்துக்கு ஒதுக்கப்பட்டதல்லவா என்று கேட்கலாம். அதற்குப் 'பிளவுப்பெயர்ச்சி' என்ற முழுச்சொல் இருக்கிறது. பல பிளவடைகள் அத்தகைய இடங்களிலேயே அமைகின்றன என்பதால் பெரிய மோதலும் இல்லை.

கனிமம் இருப்பதாகத் தெரிந்த இடத்தைக் குறிக்கும் 'அக்கரன்ஸ்' (occurrence) என்பதை 'நிகழ்வு' என்று பெயர்த்திருந்ததையும் பார்த்தேன். கனிமம் கிடக்கிறது, நிகழவில்லை. அளவிடப்படாத, இலாபம் உறுதியாகாத இடத்துக்குக் 'கனிமக் காணிடம்' போதும்.

தாதுவைச் சூழ்ந்த மணற்பாறை போன்ற பாறையை (host rock) இப்போதைக்குத் 'தாங்குபாறை' என்று எழுதிவருகிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?