தக்காளி நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்கிறது, என்ன செய்யலாம்?

பால்கனித்தோட்டம்: வணக்கம். குழித்தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து தக்காளி, மிளகாய் விதைத்து, ஹால் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். மிளகாய் இப்போதுதான் தலைகாட்டுகிறது. தக்காளியோ விரல் நீளத்தைத் தாண்டிவிட்டது. தண்டு வெளுத்து, எல்லாம் ஜன்னல் பக்கமே சாய்கின்றன. முளைத்ததும் வரும் வித்திலையைத் தவிர இலையே இல்லை. 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ளது) தெளிக்கலாமா?

நாற்றங்கால்: உரம் வேண்டாம் சார், இது வெளிச்சப் பஞ்சம். ஹால் நம் கண்ணுக்குத்தான் பளிச்சென்று இருக்கும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளந்தால், உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஜன்னலுக்கு உள்ளே சில ஆயிரம் தேறினாலே அதிகம். வெளிச்சம் போதாவிட்டால் நாற்று கையிருப்பை எல்லாம் தண்டை நீட்டவே செலவழிக்கும், இலையும் வேரும் பின்தங்கிவிடும். சாய்வதற்குக் காரணம் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன். அது நிழல் பக்கம் அதிகம் சேர்ந்து அங்குள்ள செல்களை நீட்டிவிடுகிறது.

ஒரு குழியில் எத்தனை விட்டிருக்கிறீர்கள்?

பால்கனித்தோட்டம்: இரண்டு, சிலவற்றில் மூன்று.

நாற்றங்கால்: அதுவும் சேர்ந்துகொண்டது. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிட்டு, சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பை விட்டுவிடும். பக்கத்து நாற்றில் ஒளியை உணரும் பைட்டோகுரோம் என்ற நிறமி அதைக் கண்டு, போட்டி வந்துவிட்டது என்று இன்னும் நீளும். குழிக்கு ஒன்று போதும். மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேரும் கூடவே வரும்.

பால்கனித்தோட்டம்: அப்போ நாளைக்கே மொட்டைமாடி வெயிலில் வைத்துவிடவா?

நாற்றங்கால்: ஐயோ, வேண்டாம்! நிழலில் வந்த இலை மெல்லியது, வெள்ளைத் திட்டு விழுந்து கருகிவிடும். முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் மெல்லக் கூட்டுங்கள். மதியத்துக்கு 50 சதவீத நிழல்வலை.

மிளகாய்ப்பிரியை: வெயிலே வராத வீடு என்றால் 6500 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்) வெள்ளை எல்.இ.டி டியூப் போதும் அண்ணா. செடிக்கென்றே விற்கும் ஊதா விளக்குக்குக் காசைக் கொட்ட வேண்டாம். நாற்றுக்கு மேலே ஒரு சாண் உயரம், தினமும் 14 முதல் 16 மணி நேரம். ராத்திரி முழுக்க எரியவிடாதீர்கள். இடைவிடாத வெளிச்சம் தக்காளிக்கு ஆகாது, இலை மஞ்சள் பூக்கும்.

நாற்றங்கால்: நீண்டுபோன தக்காளியைத் தூக்கிப் போடாதீர்கள். நடும்போது வித்திலைக்குக் கீழ்வரை புதைத்தால் தண்டிலேயே வேர்விடும். மிளகாய்க்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு, அதை இன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரையும் குறையுங்கள். நிழலும் ஈரமும் சேர்ந்தால் அடித்தண்டு அழுகிச் சாயும் நாற்றழுகல் நோய் வரும்.

பால்கனித்தோட்டம்: சரி, தட்டு கிழக்குப் பால்கனிக்குப் போய்விட்டது. வலை பச்சையா, கறுப்பா?

நாற்றங்கால்: எது கிடைக்கிறதோ அது. சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள், 75 தந்தால் வேண்டாம்.