சிறுநீர்ப்பை வலி உள்ளவர்கள் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்? சேலத்துக்காரர்கள் சொல்லுங்கள்

கொண்டைஊசி எழுதியது:

வணக்கம். எனக்கு இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ், சுருக்கமாக ஐசி. கிருமி எதுவும் இல்லாமலே சிறுநீர்ப்பையில் வலி, எரிச்சல், அடிக்கடி ஓட வேண்டிய அவசரம். ஒவ்வொரு தடவையும் யூரின் கல்ச்சர் சுத்தமாக வரும், "உங்களுக்கு ஒன்றும் இல்லையே" என்பார்கள், வெளியே வந்ததும் நான் பாத்ரூம் எங்கே என்று தேடுவேன். சிஸ்டோஸ்கோப்பி, அதாவது பைக்குள் கேமரா விட்டுப் பார்த்த பிறகுதான் ஒரு டாக்டர் இதற்குப் பேர் சொன்னார். அது பழைய கதை, விடுங்கள். இப்போது கேள்வி தண்ணீரைப் பற்றி.

வீடு கன்னங்குறிச்சி. வேலை ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஆபீசில், கணக்குப் பார்ப்பது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குகிற பிழைப்பு, அதனால்தான் இந்தப் பேர். வீட்டில் மூன்று தண்ணி உண்டு. விட்டு விட்டு வரும் மேட்டூர்த் தண்ணி, போர் தண்ணி, கேன். போர் தண்ணி வாயில் வைக்க முடியாத உப்பு. காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு கட்டும், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். குழாய்த் தண்ணி நல்லதுதான், ஆனால் சில நாள் குளோரின் வாடை தூக்கும். கேன் தண்ணி சப்பென்று இருக்கும். மேலே ஆபீசில் மட்டும் கிணற்றுத் தண்ணி. ருசியான தண்ணி, குடிப்பதே தெரியாமல் குடிக்கலாம்.

வேலை நாளில், மேலே இருக்கும் நேரத்தில் எரிச்சல் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் மாலைக்குள் ஆரம்பித்துவிடும். இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் "தண்ணிதான் காரணம்" என்று முடிவு கட்டிவிட்டார். போன வாரம் ஒரு ஆள் வீட்டுக்கே வந்து டெமோ காட்டினார். இரண்டு டம்ளரில் குழாய்த் தண்ணியும் அவர் மெஷின் தண்ணியும். ஒரு கருவியின் கம்பிகளை இரண்டிலும் விட்டு சுவிட்ச் போட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் குழாய்த் தண்ணி செம்மண் குழம்பாகிவிட்டது! அவர் தண்ணி அப்படியே இருந்தது. "இதைத்தான் மேடம் குடிக்கிறீங்க" என்றார். மாமியார் நெஞ்சில் கை வைத்துவிட்டார். ஆல்கலைன் மெஷின், விலை என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். வாங்கலாமா? அமிலம் குறைந்த தண்ணி குடித்தால் யூரினும் அமிலம் குறையுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோரிமேடு அக்கா எழுதியது:

தங்கச்சி, மெஷின் கதையை அப்புறம் பார்க்கலாம். எனக்கும் இதே வியாதிதான், உன்னைவிட சீனியர். முதலில் இதைச் சொல். ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு தண்ணி குடிக்கிறாய்? காபி உண்டா? தக்காளி ரசமா? இளநீரா?

யூரின் அமிலமா காரமா என்பதைத் தண்ணி முடிவு செய்வதில்லை. சாப்பாடும் சிறுநீரகமும் முடிவு செய்கிறது. யூரினின் பிஎச் (அமில-கார அளவு) 4.5-இல் இருந்து 8 வரை அது பாட்டுக்கு ஏறி இறங்கும். நமக்கு முக்கியம் அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதுதான். அடர் மஞ்சளாகப் போனால் புண்ணில் உப்பு பட்ட மாதிரி எரியும். அதற்காக ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தாலும் வேலைக்காகாது, பை நிறைந்து அதுவே வலி. அரை டம்ளர், முக்கால் டம்ளர் என்று நாள் முழுக்கப் பரப்ப வேண்டும். நம் வலிக்குத் தரும் இரவு மாத்திரை அமிட்ரிப்டிலின் என்றால் காலையில் வாய் வறண்டு கிடக்கும். அதைத் தாகம் என்று நினைத்துக் கடகடவென்று ஊற்றிக்கொள்ளாதே, வாயைக் கொப்பளித்துவிட்டு நிதானமாகக் குடி.

கோலி சோடா, பன்னீர் சோடா எதுவும் வேண்டாம். கேஸ் உள்ள தண்ணி எனக்கு அன்றைக்கே தெரியும்.

வெயில்காயும்மனிதன் எழுதியது:

எதுக்குங்க இவ்வளவு செலவு? காலையில வெறும் வயித்துல எலுமிச்சை தண்ணி. உள்ள போனா காரமா மாறிடும். மூணே வாரம்.

கோரிமேடு அக்கா எழுதியது:

தம்பி, சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு டாக்டர்களே எலுமிச்சை சொல்வார்கள். இது கல் இல்லை. நம்மில் பலருக்கு எலுமிச்சை, ஆரஞ்சு பக்கமே போக முடியாது. அந்த மூணு வாரத்தை யார் பாத்ரூமில் கழிப்பது, நீயா?

ஃபில்டர் சர்வீஸ் எழுதியது:

மேடம், நான் ஆர்ஓ (தண்ணியின் உப்பை வடிகட்டும் மெஷின்) மெக்கானிக். அஸ்தம்பட்டி, ஏற்காடு ரோடு பக்கம்தான் என் லைன்.

அந்த டெமோ எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கருவியில் இருப்பது இரும்புக் கம்பி. தண்ணியில் தாது உப்பு இருந்தால் கரண்ட் பாயும், இரும்பு கரைந்து துருவாக வரும். நீங்கள் பார்த்த செம்மண் அந்தக் கம்பியின் துரு, உங்கள் தண்ணி அழுக்கு இல்லை. அவர் காட்டியது ஆர்ஓ வடித்த தண்ணியாக இருக்கும், அதில் உப்பே கொஞ்சம்தான், கரண்ட் பாயாது, அதனால் தெளிவாக நிற்கும். அடுத்த தடவை வந்தால் அவர் தண்ணியில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி சுவிட்ச் போடச் சொல்லுங்கள். பெட்டியைக் கட்டிவிடுவார்.

உங்கள் போர் உப்பாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. சேலத்துக்கு வடக்கே வெள்ளக்கல்பட்டி பக்கம் பூமியே மேக்னசைட் என்ற மக்னீசியக் கல், ரயில்வே ஸ்டேஷனுக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பேர் வைத்த ஊர் இது. மக்னீசியமும் கால்சியமும் சேர்ந்தால் கடினத் தண்ணி. காய்ச்சினால் அதில் ஒரு பகுதிதான் பொருக்காகப் படியும், மீதி தண்ணியிலேயே இருக்கும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-இல் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை. கடினத்தன்மைக்கு 200, வழியில்லாவிட்டால் 600.

மேட்டூர்த் தண்ணி வருகிற வீட்டுக்கு ஆர்ஓவே அநேகமாகத் தேவைப்படாது, என் பிழைப்பு கெட்டாலும் சொல்கிறேன். காய்ச்சி ஆற வைத்தால் குளோரின் வாடையும் போகும். கேன் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 14543 என்ற எண்ணும் பாருங்கள், கடை வாசல் வெயிலில் அடுக்கியதை வாங்காதீர்கள்.

கொண்டைஊசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டெமோ விஷயத்தை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். பத்தாம் வகுப்பு சயின்ஸ் வாத்தியாரை நினைத்து வருத்தப்பட்டார். மெஷின் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அக்கா, நீங்கள் கேட்டதற்கு யோசித்துப் பார்த்தேன். மேலே ஆபீசில் பாத்ரூம் பத்தடியில் இருக்கிறது, மேஜையில் சொம்பு இருக்கிறது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கிறேன். காபியும் அங்கே கிடையாது எனக்கு. அந்தக் காலத்துச் சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை 1820-களில் காபிச்செடி கொண்டுவந்த மலையில், காபிக்கொட்டைக் கணக்கு எழுதிக்கொண்டு வெந்நீர் குடிக்கிறேன், சிரிக்காதீர்கள். ஞாயிறு என்றால் மாமியாரின் தக்காளி ரசம், மதியம் "சூடு தணியும்" என்று ஒரு இளநீர். நடுவில் கேன் தண்ணி பிடிக்காமல் குடிப்பதே இல்லை. பஸ்ஸுக்கு முன்னாலும் ஒரு மடக்குதான். இறங்கும்போது யூரின் தேன் நிறத்தில் இருக்கும். இளநீரிலும் பிரச்சினை உண்டா?

கோரிமேடு அக்கா எழுதியது:

இளநீரில் பொட்டாசியம் நிறைய. நம் பைக்கு அது பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. எனக்கு ஒத்துக்கொள்ளாது, என் சித்தி மகளுக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் இளநீர், ரசம் இரண்டையும் நிறுத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துப் பார். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதே, எது என்று தெரியாமல் போகும். ரசத்தைப் பருப்புத் தண்ணி, சீரகம் என்று மாற்றச் சொல், மாமியாரிடம் டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடு.

பஸ்ஸுக்கு: ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்து, கிளம்பும்போது போய்விட்டு ஏறு. காய்ச்சலோ ரத்தமோ வந்தால் மட்டும் இதையெல்லாம் விட்டுவிட்டு நேராக டாக்டர்.

கொண்டைஊசி எழுதியது:

சரி அக்கா. வீட்டில் இனிமேல் குழாய்த் தண்ணியைக் காய்ச்சி மண்பானையில் வைக்கப் போகிறேன், ருசியாக இருந்தால் கை தானாகப் போகும். மலைக் கிணற்றுத் தண்ணியை மட்டும் ஒரு தடவை சோதித்துவிடலாமா? எஸ்டேட்டில் மருந்து அடிக்கிறார்கள்.

ஃபில்டர் சர்வீஸ் எழுதியது:

கட்டாயம் செய்யுங்கள் மேடம். டிடிஎஸ் மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியும் பூச்சிமருந்தும் அதில் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு நம் மாவட்டத்திலேயே லேப் இருக்கிறது. முதலில் போய் எதெதற்குச் சோதனை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கிருமிக்கு என்றால் அவர்கள் தரும் சுத்தம் செய்த பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், எடுத்த அன்றே ஐஸ் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மற்றதற்கு இரண்டு லிட்டர் பாட்டில் போதும், அதே கிணற்றுத் தண்ணியால் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். ஜூஸ் பாட்டில் வேண்டாம்.