நத்தாருக்கு கரோல் தவிர வேறு என்ன பாடலாம்?

தலவாக்கலை கிட்டார்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். இந்த வருஷம் 24ஆம் திகதி இரவுப் பூசைக்கு முன்னால், முற்றத்தில் நின்று முக்கால் மணி நேரம் பாடச் சொல்லியிருக்கிறார் ஃபாதர். பழைய கரோல்கள் பூசையிலேயே வந்துவிடும். அதனால் வெளியே பாட வேறு பாட்டுகள் வேண்டும். அந்தக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் அப்பாயிமார்களும் கைதட்ட வேண்டும், பிள்ளைகளும் சேர்ந்து பாட வேண்டும்.

என் மனதில் முதலில் நிற்பது போனி எம் குழு பாடிய மேரிஸ் போய் சைல்ட். 1978இல் வந்தது. அப்பா ஹட்டனில் வாங்கி வந்த கசெட்டில்தான் கேட்டு வளர்ந்தேன். நாடா சிக்கும்போதெல்லாம் ஓட்டைக்குள் பேனாவைச் சொருகிச் சுற்றுவார். ஒருமுறை அறுந்தே போய்விட்டது. செலோடேப் வைத்து ஒட்டினார், ஒட்டிய இடத்தில் அரை வரி போய்விட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு அப்படித்தான், ஒரு இடத்தில் டக்கென்று தாவும். முழு வரியை யூடியூபில்தான் முதன்முதலில் கேட்டேன். அப்போது அப்பா இல்லை.

குழுவில் இருக்கும் இளசுகள் லாஸ்ட் கிறிஸ்மஸ் வேண்டும் என்று நிற்கிறார்கள். கோயில் முற்றத்தில் அது சரியாக வருமா? உங்களுக்குப் பிடித்ததையும் சொல்லுங்கள்.

பண்டாரவளை அக்கா:

தம்பி, லாஸ்ட் கிறிஸ்மஸ் எனக்கும் உயிர். ஆனால் அது மனது உடைந்த ஒருவரின் காதல் பாட்டு. கோயில் முற்றத்தில் வேண்டாம், பூசை முடிந்து கேக் சாப்பிடும்போது போடுங்கள். 1984இல் வந்த பாட்டு, பிரித்தானியாவில் முதலிடத்துக்கு வந்தது 2021 ஜனவரியில்தான். அதைப் பார்க்க, பாடிய ஜோர்ஜ் மைக்கல் இல்லை. அவர் இறந்தது 2016இல், அதுவும் நத்தார் தினத்தன்றே. அதிலிருந்து அந்தப் பாட்டை என்னால் ஆடிக்கொண்டு கேட்க முடியவில்லை.

முற்றத்துக்கு ஃபெலிஸ் நவிடாட் எடுங்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஹொசே ஃபெலிசியானோ 1970இல் பாடியது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர், கிட்டாரில் மன்னன். ஸ்பானிய மொழியில் ஒரு வாழ்த்து, ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்து, பாட்டு முழுக்க அவ்வளவுதான். டி, ஜி, ஏ கோட்ஸ் தெரிந்தால் போதும். இன்னொன்று: நாம் சொல்கிற நத்தார், போர்த்துக்கீசரின் நத்தால் என்ற சொல்லிலிருந்து வந்தது. நவிடாட்டும் அதே லத்தீன் வேரில் முளைத்ததுதான். பிறப்பு என்று பொருள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அந்நியப் பாட்டு என்ற கூச்சம் போய்விடும்.

பொகவந்தலாவை – இப்போது புறக்கோட்டை:

எனக்கு ஒரே பாட்டுதான். கிறிஸ் ரியாவின் டிரைவிங் ஹோம் ஃபோர் கிறிஸ்மஸ். மனைவி கார் ஓட்ட, லண்டனிலிருந்து ஊருக்குப் போகும் வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டு எழுதினாராம், 1978இல். வெளிவந்தது 1986இல்.

நான் புடவைக் கடையில் வேலை. 24ஆம் திகதி கடை பூட்டிய பிறகுதான் பஸ் ஏற முடியும். நின்றுகொண்டுதான் பயணம். அவிசாவளை வரைக்கும் வியர்வை. கித்துல்கலை தாண்டினால் ஆட்கள் ஒவ்வொருவராக ஷட்டரை இழுத்து மூடுவார்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் காது அடைக்கும். அங்கேதான் இயர்போனை மாட்டி இதைப் போடுவேன், அதற்கு முன்னால் போட மாட்டேன். நோர்வூட் வந்தால் கண் தன்பாட்டில் நனையும். அண்ணே, குழுவில் பாட இது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் அந்த முற்றத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் கொழும்பிலிருந்து வந்து இறங்கியிருப்பார்கள். ஒருவர் மெதுவாகப் பாடினாலே போதும்.

பதுளை மாஸ்டர்:

தம்பி, பெரியவர்களுக்காக ஜிம் ரீவ்ஸை மறந்துவிடாதீர்கள். அவருடைய நத்தார் இசைத்தட்டு 1963இல் வந்தது, அடுத்த வருஷமே விமான விபத்தில் போய்விட்டார். எங்கள் காலத்தில் டிசம்பர் என்றால் அந்தக் குரல்தான்.

உங்கள் மேரிஸ் போய் சைல்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போனி எம்முக்கு முன்னால், 1956இலேயே ஹரி பெலஃபொன்டே பாடிவிட்டார். எழுதியவர் ஜெஸ்டர் ஹெயர்ஸ்டன் என்ற கறுப்பின அமெரிக்கர். ஒரு நண்பரின் பிறந்தநாளுக்குப் போட்ட மெட்டு அது, நத்தார் வரிகளைப் பிறகுதான் எழுதினார். அவருடைய தாத்தா பாட்டி தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். என் தாத்தாவும் கங்காணி பின்னால் நடந்து வந்து காட்டை வெட்டித் தேயிலை நட்டவர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டை நான் உட்கார்ந்துகொண்டு கேட்பதில்லை.

தலவாக்கலை கிட்டார்:

மாஸ்டர், உங்கள் பதிலை ஒத்திகையில் வாசித்துக் காட்டினேன். யாரும் பேசவில்லை. பிறகு ட்ரம்ஸ் அடிக்கும் பையன்தான் "அண்ணே, அதையே முதலாவதாகப் பாடுவோம்" என்றான்.

அக்கா சொன்னபடி ஃபெலிஸ் நவிடாட் உண்டு, பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துவிட்டார்கள். லாஸ்ட் கிறிஸ்மஸ் கேக் நேரத்துக்கு. டிரைவிங் ஹோமை எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி தனியாகப் பாடுகிறாள். பொகவந்தலாவைத் தம்பி, அது உங்களுக்காக.

அம்மாவும் ஒத்திகைக்கு வந்திருந்தார். போனி எம் பாட்டுக்குப் பின்வரிசையில் நின்று கூடவே முணுமுணுத்தார். அந்த ஒட்டுப்போட்ட இடம் வந்ததும், அரை வரியை விட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.