பழைய ஸ்பீட் போட்: 30 அடி, இரட்டை இன்ஜின், 52,000 டாலர். வாங்கலாமா?

தாம்பா_தம்பி:
வணக்கம். ஃபுளோரிடாவில் தாம்பாவில் இருக்கிறேன். மூன்று வருடமாக 19 அடி போட் ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது இதே மாநிலத்தில் கேப் கோரலில் 2004 மாடல் ஸ்பீட் போட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 30 அடி. இரண்டு மெர்க்ரூசர் 496 மேக் எச்.ஓ. இன்ஜின், தலா 425 குதிரைசக்தி, பிராவோ ஒன் டிரைவ் (பின்னால் தண்ணீருக்குள் இறங்கி புரொப்பல்லரைச் சுழற்றும் கியர் பகுதி). மணிக்கு 70 மைல் வேகம் போகும் என்கிறார் விற்பவர். டிரெய்லரோடு சேர்த்து 52,000 டாலர். பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. மீட்டரில் 310 மணி நேரம்தான் இருக்கிறது. அப்படியென்றால் இன்ஜின் புதுசு மாதிரிதானே? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என் வண்டி டொயோட்டா ஹைலேண்டர்.

பழைய_புரொப்பல்லர்:
வீட்டில் சொல்லாததே நல்லது தம்பி, இன்னும் ஒரு மாதம் சொல்லாதீர்கள்.

அந்த 310-ஐப் பார்த்துத்தான் எனக்குப் பகீர் என்கிறது. நானும் அப்படித்தான் ஏமாந்தேன். என்னுடையது 1998 மாடல், 26 அடி, ஒற்றை 7.4 லிட்டர் இன்ஜின். 240 மணி நேரம்தான் ஓடியது என்று 18,500 டாலருக்கு எடுத்தேன். ஆறாவது வாரம் சரசோட்டா பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து கட்டினேன். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. பிளக்குகளைக் கழற்றிவிட்டுத் திருப்பியதும் ஒரு சிலிண்டரிலிருந்து தண்ணீர் என் சட்டை மேல் பீய்ச்சி அடித்தது. நாக்கில் பட்டது, உப்பு.

எக்ஸாஸ்ட் ரைசர், அதாவது இன்ஜின் புகையும் குளிர்விக்கும் கடல் தண்ணீரும் வெளியேறும் குழாய், உள்ளுக்குள் அரித்து, கடல் தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. வெளியே பளபளவென்று கறுப்புப் பெயின்ட். கழற்றித் தட்டினால் துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. உப்புத் தண்ணீரில் ஓடும் வார்ப்பிரும்பு ரைசரை ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். என் போட்டில் இருந்தது கம்பெனியில் மாட்டியதே. ஆயிரத்துச் சொச்சம் டாலரில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினையே மாற்றி 14,000-இல் முடிந்தது.

20 வருடத்தில் 310 என்றால் வருடத்துக்குப் பதினைந்து மணி நேரம். மீதி நாளெல்லாம் சும்மா நின்றிருக்கிறது. நின்றால் டிரைவுக்குள் தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் உறை, பெல்லோஸ், வெடிப்பு விடும், டேங்கில் எத்தனால் கலந்த பெட்ரோல் கெட்டுப்போகும். வருடம் அறுபது மணி நேரம் ஓடிய போட்டாக இருந்தால் நான் தைரியமாக வாங்குவேன். மெக்கானிக்கை வைத்து இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கச் சொல்லுங்கள். மொத்த மணி நேரமும், எந்த ஆர்.பி.எம்.மில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதும் அதில் இருக்கும். டாஷ்போர்டு மீட்டரில் கை வைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

போய்ப் பார்க்கும்போது முதல் வேலை, இன்ஜின் மேல் கை வையுங்கள். ஜில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை நீங்கள் வருவதற்குமுன் ஒருமுறை எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அப்புறம் டிரைவ் ஆயில். பால் விட்ட காபி நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர். விரலில் தேய்த்தால் ஜிகினா மாதிரி மின்னினால் கியர் தேய்கிறது. பிளாஸ்டிக் சுத்தியலால் டிரான்ஸத்தை, அதாவது போட்டின் பின்பக்கச் சுவரை, இஞ்ச் இஞ்சாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தேங்காய்க்கும் அழுகலுக்கும் சத்தத்தில் வித்தியாசம் தெரியுமல்லவா, அதேதான். பைபருக்குள் இருக்கும் மரம் ஊறிப்போயிருந்தால் ‘டப்’ என்று செத்த சத்தம் வரும். அந்த வேலையை எடுத்தால் போட் விலையில் பாதி போகும்.

இரட்டை இன்ஜின் என்பதால் ரைசர், டிரைவ், பெல்லோஸ், ஆயில், எல்லாம் இரண்டிரண்டு. ஹைலேண்டர் அதிகபட்சம் 5,000 பவுண்டுதான் இழுக்கும். இந்த போட்டும் டிரெய்லரும் சேர்ந்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். ஆக ஒரு டிரக்கும் வாங்கியாக வேண்டும்.

பாலிசி_அக்கா:
இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கொட்டேஷன் வாங்கிவிடுங்கள். 19 அடியிலிருந்து நேரே 70 மைல் போட்டுக்குத் தாவுகிறவரைப் பல கம்பெனிகள் எடுப்பதில்லை. எடுத்தாலும் இந்த வயது போட்டுக்கு சர்வே ரிப்போர்ட், அதாவது போட்டின் நிலையைச் சோதித்து சர்வேயர் எழுதித் தரும் அறிக்கை, கேட்பார்கள். சர்வேயர் அடிக்கு இத்தனை டாலர் என்று வாங்குவார். இன்ஜினை அவர் மேலோட்டமாகத்தான் பார்ப்பார், அதற்கு மெக்கானிக் தனி.

கேப் கோரல் என்றதும் இன்னொன்று. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் அந்தப் பக்கம்தான் கரை ஏறியது. மூழ்கிய போட்டுகள் எத்தனையோ. அந்த நாளில் இந்த போட் எங்கே நின்றது என்று எழுத்தில் கேளுங்கள். டிரான்ஸத்தின் வலது மேல் மூலையில் 12 எழுத்து ஹல் நம்பர் (போட்டின் அடையாள எண்) இருக்கும், கடைசி இரண்டு எண் மாடல் வருடம். அதே நம்பர் உள்ளே மறைவாக இன்னோர் இடத்திலும் இருக்கும். இரண்டும் டைட்டிலோடு (உரிமைப் பத்திரம்) ஒத்துப்போக வேண்டும்.

அலைமேல்_ராஜா:
எல்லோரும் சேர்ந்து பையனை இப்படி மிரட்ட வேண்டாமே. டான் அரனோவ் மியாமியில் 188-ஆம் தெருவில் ‘சிகரெட்’ என்ற பெயரில் ஸ்பீட் போட் கட்டிய காலத்திலிருந்தே இது கணக்குப் பார்த்து வாங்கும் சாமான் இல்லை. ஆசை இருந்தால் வாங்குங்கள்.

பழைய_புரொப்பல்லர்:
ராஜா சார், ஆசையை நான் குறை சொல்லவில்லை. என்னுடையதை நான் இன்னும் விற்கவில்லையே! ஆனால் பெட்ரோல் கணக்கையாவது சொல்லிவிட வேண்டும். முழு வேகத்தில் குதிரைசக்தியைப் பத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை கேலன் என்று தோராயமாக வரும். 850-க்கு 85. மெதுவாகப் போனால் அதில் பாதி. போட் நிறுத்தும் மரீனாவில் பெட்ரோல் விலையும் ரோட்டு பங்க்கை விடக் கூடுதல்.

தம்பி, ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை உடம்பில் மாட்டாமல் சாவியைத் தொடாதீர்கள். வேகத்தில் திரும்பும்போது பயந்து சட்டென்று திராட்டிலை விட்டால் போட் பம்பரமாகச் சுற்றி ஆளை வெளியே எறிந்துவிடும். அனுபவசாலி ஒருவரை இரண்டு வார இறுதி பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள்.

தாம்பா_தம்பி:
சனிக்கிழமை போய்வந்தேன் அண்ணா. எட்டு மணிக்கு வரச் சொன்னார், நான் ஏழேகாலுக்கே போய் நின்றேன். இடது இன்ஜின் ஜில்லென்று இருந்தது. வலது கை வைக்க முடியாத சூடு. “உங்களுக்காகத்தான் வார்ம் அப் பண்ணி வைத்தேன்” என்றார். ஒன்றை மட்டும் ஏன் என்று கேட்டதற்கு பதில் இல்லை. உள்ளே இருக்கும் ஹல் நம்பரைக் காட்டச் சொன்னேன், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார்.

வரும் வழியில் 24 அடி, ஒற்றை இன்ஜின் ஒன்று பார்த்தேன். 21,000 கேட்கிறார்கள். டிரைவ் ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். லேசாகச் சாம்பல் நிறம், வெள்ளை இல்லை. படம் போட்டால் பார்த்துச் சொல்வீர்களா?

பழைய_புரொப்பல்லர்:
போடுங்கள். பாட்டிலை இன்றிரவு ஆட்டாமல் வையுங்கள், காலையில் அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்த்து அதையும் படம் எடுங்கள்.